அங்காடிப்பாட்டம் முதல் அடிக்காசு வரை

காவிரி டெல்டாவைப் பற்றிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் நெல், நீர், கோயில், நிலவுடைமை ஆகிய நான்கையும் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன; அந்த நெல்லை உண்டவர்களுக்கு உப்பும் மீனும் கீரையும் வெற்றிலையும் கொண்டுவந்து கொடுத்த சிறுவணிகர்கள், அதாவது சொந்தமாகக் கடை ஏதுமின்றித் தலைச்சுமையாகவோ தரையில் கூறு கட்டியோ விற்றவர்கள், ஓரிரு வரிகளில் கடந்துபோகிறார்கள். சான்றுகளின் இயல்பும் இதற்கு ஒரு காரணம். கல்வெட்டு வெட்டுவித்தவர் கொடையாளர். ஓலை எழுதுவித்தவர் நிலமுடையவர். ஒரு கடகம் கத்தரிக்காயை விற்றுத் தீர்த்துவிட்டுப் பொழுது சாயுமுன் ஊர் திரும்பியவருக்கோ பதிவு எதுவும் தேவைப்படவில்லை. ஆயினும் அவர் அமர்ந்த தரைக்கு ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் பணம் கேட்டிருக்கிறார், கேட்டவர் கணக்கும் வைத்திருக்கிறார். ஆகவே தஞ்சைப் பகுதிச் சிறுவணிகத்தின் வரலாற்றை அதன்மீது விதிக்கப்பட்ட வரிகளின் வழியாகவும், அவ்வணிகம் பணத்துக்குப் பதிலாக நெல்லைக் கொண்டு நடந்த முறையின் வழியாகவுமே பெரும்பாலும் மீட்டெடுக்க வேண்டியுள்ளது.

தஞ்சாவூர் ஒரு சந்தை நகராக அமைந்ததற்கு அதன் நில அமைப்பு முதற்காரணம். நகரிலிருந்து வடக்கே திருவையாறு செல்லும் சிறு தொலைவுக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். அங்கிருந்து கிழக்கே கடல் வரை வயல்வெளி விரிகிறது. தெற்கிலும் தென்மேற்கிலும் வல்லத்தை ஒட்டிச் செம்மண் மேட்டுநிலம் தொடங்குகிறது. நீர் நிற்கும் நன்செயில் நெல் விளையுமேயன்றிக் கத்தரியும் வெண்டையும் கடலையும் புளியும் விளையா என்பதால், நெல்லுக்குக் குறைவில்லாத டெல்டா மற்ற அன்றாடப் பொருள்களுக்கு எப்போதும் அயலாரை எதிர்பார்த்தே இருந்தது. மேட்டுநிலத்துப் பயறும் கேழ்வரகும் கடலையும் ஒரு திசையிலிருந்து வந்தன; ஆற்றங்கரைகளை ஒட்டிய வண்டல் நிலமான படுகைகளிலிருந்து வாழையும் கீரையும் வெற்றிலையும் வந்தன; கடற்கரையிலிருந்து மீனும் உப்பும் வந்தன. இம்மூன்றும் நெல்லைச் சந்திக்கும் ஓரத்தில் நகரம் நின்றது. கல்லணைக் கால்வாயும் மேட்டூர் அணையும் 1934-இல் பயன்பாட்டுக்கு வந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வறண்ட நிலத்துக்கும் நீர் பாய்ந்தபின் இந்த எல்லைக்கோடு தெற்கே நகர்ந்ததே தவிர, நன்செய்க்கும் புன்செய்க்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் நின்றுவிடவில்லை.

டெல்டாவின் சந்தையைப் பற்றிய மிகப் பழைய விரிவான சித்திரம் அதன் கடைமுனையான காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றியதாகும். இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் பூம்புகார் என வழங்கும் அத்துறைமுக நகரைப் பாடும் பட்டினப்பாலை, உப்பை விற்று அதற்கு ஈடாகப் பெற்ற நெல்லை ஏற்றிக்கொண்டு திரும்பிய படகுகள் கழிக்கரையில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்ததைச் சொல்கிறது. கடலோரத்தில் உப்பு, உள்நாட்டில் நெல் என்ற இந்தப் பண்டமாற்று, வேறு சங்கப் பாடல்களில் தெருத்தெருவாக உப்புக் கூவி விற்கும் பெண்களின் வழியாகவும் காட்டப்படுகிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்போர், அப்பம் சுட்டு விற்போர், கள் விற்போர், மீன் விற்போர், உப்பு விற்போர், வெற்றிலை விற்போர் என்று தொழில்வாரியாக அடுக்குகிறது. அத்துடன் நகரின் இரு பாக்கங்களுக்கும் இடையே, மரங்களே தூண்களாக நின்ற சோலையில், பகலில் கூடிய நாளங்காடியையும் குறிப்பிடுகிறது. அங்காடி என்பது கடைகள் கூடும் இடம். பகலில் கூடுவது நாளங்காடி, மாலைக்குமேல் கூடுவது அல்லங்காடி. இலக்கியச் சித்திரத்தை அப்படியே நகர வரைபடமாகக் கொள்ளுதல் பிழை என்றாலும், பெருவணிகர் மாடங்கள் ஒருபுறமும் சிறுவணிகர் கூடும் திறந்தவெளி மற்றொருபுறமும் எனப் புலவர் பிரித்துக் காட்டியிருப்பது கவனத்துக்குரியது. நிழலும் வழியும் இருந்தால் போதும், கூரை பிறகு வரட்டும் என்பதுதான் சிறுவணிகத்தின் இட விதி.

சோழர் காலத்துக்கு வரும்போது சான்று கல்லில் கிடைக்கிறது. முதலாம் இராசராசன் 1010-இல் முடித்த தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகள், நகரை உள்ளாலை என்றும் புறம்படி என்றும், அதாவது உள்நகர், புறநகர் என்றும் பிரித்து, அதன் தெருக்களையும் அங்காடிகளையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. திரிபுவனமாதேவிப் பேரங்காடி, வானவன்மாதேவிப் பேரங்காடி, கொங்காள்வார் அங்காடி ஆகியவை அவற்றுள் சில. இச்சந்தைகளில் என்னென்ன விற்றன என்ற பட்டியல் இல்லை. ஆனால் ஒரு சிறு கணக்கு அவற்றின் நடைமுறையைக் காட்டிவிடுகிறது. கோயிலின் பரிவார ஆலயத்துப் பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க 360 காசு முதலாக வைக்கப்பட்டது. அம்முதலை நகரத்து அங்காடிகளின் வணிகர் குழுவினர் பெற்றுக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு வட்டிக்கு ஈடாகப் பழத்தை வழங்க ஒப்புக்கொண்டனர். 360 காசுக்கு வட்டி 45 காசு; ஆண்டுக்கு 360 நாளாகக் கொண்டால் பழம் 54,000; எனவே காசுக்கு 1,200 பழம் என்ற விலை கிடைக்கிறது. அதே கோயிலின் வேறு கல்வெட்டுகளில், ஊர்ச் சபைகள் பெற்ற பணத்துக்குக் காசொன்றுக்கு ஆண்டுக்கு முக்குறுணி நெல் வட்டியாகக் குறிக்கப்படுகிறது. குறுணி என்பது எட்டு நாழி கொண்ட முகத்தலளவை; பன்னிரண்டு குறுணி ஒரு கலம். முக்குறுணியும் அரைக்கால் காசும் ஒன்றுக்கொன்று ஈடு என்றால், ஒரு காசு இரண்டு கலம் நெல்லுக்குச் சமம். ஒரு குறுணி நெல்லுக்கு 50 வாழைப்பழம், ஒரு நாழிக்கு ஆறு பழத்துக்குச் சற்று மேல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சைச் சந்தையில் ஒரு குடும்பம் பழம் வாங்கிய விலையை இவ்வளவு நெருங்கிப் பார்க்க உதவும் சான்றுகள் அதிகம் இல்லை.

இக்கணக்கில் வரும் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை என்ற வட்டி வீதம் தனியே நோக்கத்தக்கது. இன்று தமிழகச் சந்தைகளில் காலையில் 900 ரூபாய் பெற்று மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பும் நாள் வட்டி முறையோடு ஒப்பிடும்போது அது மிகக் குறைவு. ஆனால் கடன் பெற்றவர்கள் யார் என்பதை மறந்து இவ்விரண்டையும் ஒப்பிடக் கூடாது. கோயிலின் பணம் நகரத்தார் எனப்பட்ட வணிகர் அவையின் பொறுப்பில் சென்றது; அவர்களுக்குச் சொத்தும் நம்பகமும் அமைப்பும் இருந்தன. அவர்களுக்குப் படுகையிலிருந்து பழத்தாரைச் சுமந்துவந்து கொடுத்தவருக்கு அந்த 45 காசில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. கோயில் தன் தேவைக்கு எப்போதும் ஒரு குழுவோடுதான் பேசியது. தனி விற்பனையாளர் குழுவின் நிழலிலேயே மறைந்து நின்றார்.

அவர் வெளிப்படும் இடம் வரிப்பட்டியல். தறிக்குத் தறியிறை, எண்ணெய்ச் செக்குக்குச் செக்கிறை, வண்டியிலும் கலத்திலும் வரும் சரக்குக்கு உல்கு எனப்பட்ட சுங்கம், இடைத்தரகுக்குத் தரகுப்பாட்டம் ஆகியவற்றோடு அங்காடிப்பாட்டம் என்ற வரியும் சோழர் கல்வெட்டுகளில் வருகிறது. பாட்டம் என்பது வரி அல்லது குத்தகைத் தொகை; அங்காடிப்பாட்டம் சந்தையில் விற்பதற்கான கட்டணம். முதலாம் குலோத்துங்கன் (1070–1120) சுங்கம் தவிர்த்த சோழன் என்று புகழப்பட்டான். எந்தெந்தச் சுங்கத்தை, எந்தெந்த நாட்டில், எவ்வளவு காலம் தவிர்த்தான் என்பது பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அரசனின் பட்டப்பெயராக நிலைக்கும் அளவுக்கு ஒரு வரிநீக்கம் மக்களால் நினைவுகூரப்பட்டது என்பதிலிருந்து, அவ்வரி அன்றாட வாழ்வில் எவ்வளவு அழுத்தியது என்பதை உய்த்துணரலாம்.

நாயக்கர், மராட்டியர் காலங்களில் தஞ்சாவூர் கோட்டை நகராக வளர்ந்தபோது, சந்தையின் இடத்தைக் கோட்டை வாயில்கள் தீர்மானித்தன. அரண்மனையைச் சுற்றிய நான்கு ராஜவீதிகள் ஊர்வலத்துக்கும் பெருங்கடைகளுக்கும் உரியனவாக இருக்க, வெளியூர்ச் சரக்கு வந்திறங்கும் கீழவாசல் பகுதி காய்கறி, தானியம், மீன் ஆகியவற்றின் இடமாயிற்று. இன்றும் அங்குள்ள சந்தை மராட்டிய மன்னரின் பெயரால் சரபோஜி மார்க்கெட் என்றே வழங்குகிறது. அய்யங்கடைத் தெரு, பூக்காரத் தெரு போன்ற பெயர்கள், ஒரு தொழிலோ கடையோ ஒரு தெருவில் நெடுங்காலம் தங்கியிருந்ததன் தடயங்கள். பூக்காரத் தெருவைப் பொறுத்தவரை அத்தடயம் வெறும் பெயரோடு நிற்கவில்லை. மருவும் மரிக்கொழுந்தும் கனகாம்பரமும் மல்லிகையும் கலந்து தொடுக்கும் தஞ்சாவூர்க் கதம்பம் இன்னும் முழம் போட்டு விற்கப்படுகிறது. மராட்டிய அரச குடும்பத்தார் இராமேசுவர யாத்திரை வழியில், ஒரத்தநாடு தொடங்கிக் கடற்கரை வரை, கட்டிய சத்திரங்களையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். சத்திரத்தில் சோறு இலவசம் என்றாலும், வெற்றிலையும் பழமும் மோரும் யாத்திரிகர் தாமே வாங்க வேண்டியவை. வழிநெடுகச் சிறுவணிகம் முளைப்பதற்கு அதுவே போதுமானதாயிற்று.

கிழக்கிந்தியக் கம்பெனி 1799-இல் தஞ்சை நாட்டின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டபோது, சந்தையின்மீது மூன்று வகைப் பிடிகள் இறுகின. முதலாவது சாயர் எனப்பட்ட உள்நாட்டுச் சுங்கம். ஊருக்கு ஊர் சாவடி வைத்துச் சரக்கை நிறுத்தி வசூலித்த இது சென்னை மாகாணத்தில் 1844-இல் நீக்கப்பட்டது. இரண்டாவது மொகத்தர்பா எனப்பட்ட தொழில்வரி. கடை, தறி, செக்கு முதலியவற்றின்மீது விதிக்கப்பட்ட அது 1860-களின் தொடக்கத்தில் மறைந்தது. மூன்றாவது உப்பு. 1805-இல் மாகாணத்தின் உப்பு அரசின் ஏகபோகமாக்கப்பட்டதனால், சங்க காலம் முதல் டெல்டாவின் பண்டமாற்றில் நெல்லுக்கு எதிர்த்தட்டாக நின்ற பண்டமே அரசுக் கிடங்கின் விலைக்குக் கட்டுப்பட்டது. வேதாரண்யத்துக்கும் அகத்தியம்பள்ளிக்கும் அருகே இயற்கையாகப் படியும் உப்பை அள்ளுவது குற்றமாயிற்று. இராஜாஜி 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சியிலிருந்து புறப்பட்டுத் தஞ்சை மாவட்டத்தின் ஊர்கள் வழியே நடந்து, ஏப்ரல் 30-இல் வேதாரண்யத்தில் உப்பெடுத்தார். தொண்டர்களுக்குச் சோறிடுவோர் தண்டிக்கப்படுவர் என மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தும் வழியெங்கும் அவர்கள் பசியாறினார்கள். அந்நடைப்பயணம் விடுதலைப் போராட்ட வரலாற்றில் பெற்ற இடம் தகுதியானதே. உப்பு வண்டிகளும் உப்புக் கூடைகளும் கொண்ட ஒரு பழைய சிறுவணிகத்தின் வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-இலும், திருச்சிராப்பள்ளிக்கு அடுத்த ஆண்டிலும் ரயில் பாதை திறக்கப்பட்டது. நெல் அதிக அளவில் வெளியே சென்றது என்பது எல்லோரும் எழுதும் செய்தி. கடல் மீனும் கருவாடும் கூடை கூடையாக உள்நாட்டுக்கு வரத் தொடங்கியது அவ்வளவாக எழுதப்படாத செய்தி.

இன்றைய சந்தையின் அமைப்புக்கு அடித்தளமிட்டது நகராட்சி. தஞ்சாவூரும் கும்பகோணமும் 1866-இல் நகராட்சிகளாயின. 1884, 1920 ஆகிய ஆண்டுகளின் மாவட்ட நகராட்சிச் சட்டங்கள், பொதுச் சந்தை அமைத்துக் கட்டணம் வசூலிக்கவும், தனியார் சந்தைக்கு உரிமம் வழங்கவும், தெருவில் விற்பதைக் கட்டுப்படுத்தவும் நகராட்சிக்கு அதிகாரம் தந்தன. சுகாதாரம் என்ற காரணம் முன்வைக்கப்பட்டது. காலராவும் அம்மையும் திருவிழாக் கூட்டங்களோடு பரவிய காலத்தில் அது பொய்யான காரணமும் அன்று. ஆனால் நகராட்சி தானே நேரடியாக வசூலிக்காமல், சந்தைக் கட்டணம் தண்டும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விட்டது. அதிகத் தொகை கேட்டவர் குத்தகைதாரர். அவர் கட்டிய தொகையைவிடக் கூடுதலாகத் தண்டினால்தான் அவருக்கு லாபம். தரைக்கடைக்காரரிடம் அன்றாடம் பெறும் இக்கட்டணமே அடிக்காசு. சோழர் காலத்து அங்காடிப்பாட்டத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்ச்சி உண்டு என்று நிறுவ இயலாது. இடையில் ஆட்சிகள் மாறின, அளவைகள் மாறின, வரிகளின் பெயர்கள் பாரசீகத்துக்கும் மராத்திக்கும் ஆங்கிலத்துக்கும் போய்வந்தன. எனினும் விற்பவரின் வருமானத்தைப் பாராமல் அவர் பிடித்த இடத்தைப் பார்த்து, விற்குமுன்னரோ விற்கும்போதோ தொகை கேட்பது என்ற முறை எந்த ஆட்சியிலும் கைவிடப்படவில்லை. மழையில் கீரை அழுகினாலும் அடிக்காசு குறைவதில்லை.

நகரத்தில் காசு புழங்கிய அதே காலத்தில் கிராமத்தில் நெல்லே காசாக இருந்தது. வயல் கூலி மரக்காலிலும் படியிலும் அளக்கப்பட்டது. நாவிதர், வண்ணார், கொல்லர், தச்சர் ஆகியோருக்குக் களத்திலேயே நெல்லாகப் பங்கு கொடுக்கப்பட்டது. ஆகவே அவர்களிடம் விற்க வந்தவரும் நெல்லையே வாங்கினார். குறுவையும் சம்பாவும் தாளடியும் அறுவடையாகும் வாரங்களில் களத்துமேடுகளே சந்தைகளாயின. கருவாடு, வெற்றிலை பாக்கு, வடை, முறுக்கு, மண்சட்டி, வளையல் ஆகியவற்றைக் கொண்டுவந்தவர்கள் திரும்பிப் போகும்போது கூடையில் நெல் இருக்கும். இதில் விலை பேசுவதென்பது அளவையைப் பற்றிப் பேசுவதே. படியைத் தலைதட்டி அளப்பதா, கூம்பாக விட்டு அளப்பதா, ஈர நெல்லா, தூற்றிய நெல்லா, பதர் எவ்வளவு என்பவை ஒவ்வொரு கூடைக்கும் புதிதாகத் தீர்க்கப்பட்டன. பெருங்கோயில் கல்வெட்டுகள் நெல்லை ஆடவல்லான் என்ற மரக்காலால் அளக்க வேண்டும் என்றும், அது இராசகேசரி மரக்காலோடு ஒத்தது என்றும் திரும்பத் திரும்பச் சொல்வது சடங்குச் சொல் அன்று. அளவை தளர்ந்தால் பங்கு தளரும் என்பதைக் கோயில் அறிந்திருந்தது. கோயிலுக்கு அந்த மரக்கால் இருந்தது. கூடைக்காரிக்கோ எதிரே நிற்பவரின் படிதான் படி. மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956-இல் வந்தபின், 1960-களில் லிட்டரும் கிலோவும் கட்டாயமான போதிலும், மரக்கால் களத்தை விட்டு நீங்க மேலும் ஒரு தலைமுறை ஆயிற்று.

நெல் வழங்கியவரும் விற்க வந்தவரும் சமமாக நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்தில் திருவையாற்றுப் பக்கத்து ஊர் ஒன்றை ஸ்ரீபுரம் என்ற மாற்றுப்பெயரில் ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூல், அக்ரகாரம், குடியானவர் தெரு, சேரி ஆகியவை எவ்வளவு கடுமையாகப் பிரிக்கப்பட்டிருந்தன என்பதை விரிவாகக் காட்டுகிறது. வாய்க்கால் மீனும் நண்டும் நத்தையும் பிடித்து விற்ற நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு எல்லாத் தெருக்களும் திறந்திருக்கவில்லை. யார் எந்தத் தெருவில் எதைக் கூவி விற்கலாம் என்பதைச் சந்தை விதிக்கு முன்பே சாதி விதி முடிவு செய்துவிட்டது. பழைய சந்தையின் மனிதத்தன்மையை ஏக்கத்தோடு வருணிக்கும் எழுத்துகள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுவது வழக்கம். நகரச் சந்தை, அதன் அடிக்காசோடும் நெரிசலோடும், அப்பெண்களுக்குக் கிராமத் தெருவைவிட விரிந்த இடமாக இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

நெல் காசாக இருந்த நிலை 1960-களுக்குப்பின் பல முனைகளில் தளர்ந்தது. பற்றாக்குறை ஆண்டுகளில் உபரி மாவட்டமான தஞ்சையிலிருந்து அரிசி வெளியேறுவதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. அப்போது பையிலும் மடியிலும் அரிசியை மறைத்துப் பேருந்திலும் ரயிலிலும் கொண்டுசென்ற பெண்கள், சட்டத்தின் கண்ணில் கடத்தல்காரர்களாகவும் அண்டை மாவட்டத்து வீடுகளின் கண்ணில் அரிசிக்காரிகளாகவும் இருந்தார்கள். 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றி, ஊர்தோறும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் பரவியபின், களத்து நெல் நேராக அரசுக் கொள்முதலுக்குப் போனது. கூலியும் மெல்ல மெல்லப் பணமாயிற்று. அறுவடை இயந்திரம் வந்தபின் களமே சுருங்கியது. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் நாகப்பட்டினத்தில் 2006-இலும், தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் அடுத்த ஆண்டிலும் தொடங்கியபோது, ஊர்ப்புறப் பெண்களின் கையில் பணக்கூலி ஆண்டின் வேறு மாதங்களிலும் புழங்கியது. விற்பவர் இனி அறுவடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1980-இல் சந்தைக்கு வந்த டிவிஎஸ் 50 போன்ற சிறு மொபெட்டுகள் மீன் பெட்டியையும் துணி மூட்டையையும் ஒரு நாளில் பத்து ஊர்களுக்குக் கொண்டுசென்றன. ஆனால் மொபெட்டை ஓட்டியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தலைச்சுமைப் பெண்களின் எல்லை சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, அதுவரை லாபத்தில் ஒரு பங்கைத் தின்ற பேருந்துக் கட்டணம் அவர்களுக்கு மிச்சமாயிற்று.

அறுவடைக் காலத்தின் பிடி தளர்ந்தாலும் திருவிழாக் காலத்தின் பிடி தளரவில்லை. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று திருவையாற்றுப் படித்துறையிலும் டெல்டாவின் மற்ற ஆற்றங்கரைகளிலும் காதோலை கருகமணி, மஞ்சள், காப்பரிசிக்கான வெல்லம், விளாம்பழம், நாவல்பழம், பேரிக்காய் ஆகியவற்றை விற்போர் முதல் நாளே இடம் பிடித்துவிடுகிறார்கள். காதோலை கருகமணி என்பது ஓலைச் சுருளும் கருமணியும் சேர்ந்த சிறு மங்கலப் பொருள். காவிரிக்குச் சூட்டும் பொருளாக ஆற்றில் விடப்படுவது. ஆண்டில் ஓரிரு நாள்களுக்கு மேல் அதற்குச் சந்தை இல்லை. பொங்கலுக்கு மஞ்சள்கொத்தும் கரும்பும், பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரும் எருக்க மாலையும், கார்த்திகைக்குப் பொரியும் அகலும், நவராத்திரிக்குக் கொலுப் பொம்மையும் என ஒரே தரையில் ஒரே குடும்பம் மாதத்துக்கு ஒரு சரக்கை மாற்றிக்கொண்டே இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பகோணத்தில் வரும் மகாமகம், கடைசியாக 2016-இல் வந்தது, இந்த முறையின் மிகப் பெரிய வடிவம். நிலையான கடையால் இவ்வளவு வேகமாகச் சரக்கை மாற்ற முடியாது. தெருவணிகம் பெருங்கடைகளோடு போட்டியிட்டுத் தாக்குப்பிடிப்பதற்கு விலை மலிவைவிட இந்த நெகிழ்வே முதன்மையான காரணம் என்று தோன்றுகிறது.

காய்கறியின் நிலை வேறு. ஒட்டன்சத்திரம் போன்ற இடங்களிலிருந்து இரவில் லாரிகளில் வரும் சரக்கு கமிஷன் மண்டிகளில் இறங்குகிறது. மண்டி என்பது விளைவிப்பவருக்கும் சில்லறை விற்பவருக்கும் இடையே தரகு பெற்று விற்றுத் தரும் மொத்தக் கடை. விடியற்காலையில் அங்கே கடனுக்கு எடுத்து, பகலில் விற்று, மாலையில் அடைப்பது தரைக்கடைக்காரரின் நாள்முறை. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கித் தஞ்சாவூர், கும்பகோணம் முதலிய ஊர்களுக்கும் பரவிய உழவர் சந்தை, இந்தத் தரகைத் தவிர்த்து விளைவித்தவரே விற்க வழிசெய்தது. அது உழவருக்கு நல்லது செய்தது. உழவர் அல்லாத, நிலமும் இல்லாத சில்லறை விற்பனையாளருக்கு அதன் உள்ளே இடமில்லை என்பதால் அவர் சந்தையின் வாசலில் அமர்ந்தார். வெற்றிலை மட்டும் இன்னும் பழைய வழியிலேயே வருகிறது. ஆவூர், ராஜகிரி, பண்டாரவாடைக் கொடிக்கால்களிலிருந்து, நூறு இலை கொண்ட கவுளிகளாகக் கட்டப்பட்டு வரும் கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு இலையைக் காக்கிறது. அதை ஈரத்துணியில் சுற்றிக் கோயில் வாசலில் விற்பவரைப் பற்றி அதில் ஏதும் இல்லை.

தஞ்சாவூர் 2014-இல் மாநகராட்சியானது. 2016-இல் சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அத்திட்டத்தின்கீழ் கீழவாசல் சரபோஜி மார்க்கெட்டும் காமராஜர் மார்க்கெட்டும் இடித்துப் புதிதாகக் கட்டப்பட்டன. பழைய கட்டடங்களின் சேறும் இருளும் ஒழுகும் கூரையும் நினைவிருப்போர் புதுக் கட்டடத்தைக் குறைசொல்வது எளிதன்று. ஆனால் கடை என்பது முன்பணமும் மாத வாடகையும் ஏலமும் கொண்ட ஒரு சொத்தாக மாறும்போது, கடைக்கும் கடைக்கும் இடையே, படிக்கட்டின் ஓரத்தில், வாசலின் நிழலில் என்று பெயரில்லாமல் அமர்ந்திருந்தவர்கள் வரைபடத்தில் விடுபட்டுப் போகிறார்கள். 2020-இன் பொதுமுடக்கம் மற்றொரு வகையில் பாடம் நடத்தியது: தமிழகமெங்கும் சந்தைகள் பேருந்து நிலையங்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் மாற்றப்பட்டன, தள்ளுவண்டிகள் தெருத்தெருவாக அனுப்பப்பட்டன. அதுவரை போக்குவரத்துக்கு இடையூறு எனப்பட்டவர்கள் சில வாரங்களுக்கு இன்றியமையாத சேவையாளர்கள் ஆனார்கள்.

சட்டத்தின் பார்வையும் மெல்ல மாறியிருக்கிறது. தெருவில் வணிகம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசமைப்பின் 19-ஆம் பிரிவு தரும் தொழிலுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சோதன் சிங் வழக்கில் 1989-இல் கூறியது. இருபத்தைந்து ஆண்டு கழித்து 2014-இல் வந்த தெருவணிகர் பாதுகாப்புச் சட்டம், கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் தெருவணிகரின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் விதித்தது. கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை; ஆடிப்பெருக்குக்கு மட்டும் வரும் காதோலைக்காரி அன்று தெருவில் இருந்தாலன்றிக் கணக்கில் வருவது அரிது.

அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் வரலாற்று மாணவர் கவனிக்கவேண்டிய ஒரு விதி உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெருவணிகர் வணிகம் செய்துவரும் இயல்பான சந்தைகள், அதாவது யாரும் அமைக்காமல் வாங்குவோரும் விற்போரும் வழக்கமாகக் கூடுவதால் உருவான சந்தைகள், மரபுச் சந்தைகளாக அறிவிக்கப்பட வேண்டும். அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் ஐம்பது ஆண்டைக் கடந்த தரைகளுக்குக் குறைவில்லை. நிறுவுவதுதான் கடினம், ஏனெனில் அன்றன்று பெற்ற அடிக்காசுச் சீட்டை எந்தத் தரைக்கடைக்காரரும் ஐம்பது ஆண்டு சேர்த்துவைப்பதில்லை. குத்தகை ஏலத்தை ஆண்டுதோறும் நடத்தித் தொகையைப் பெற்றுக்கொண்ட உள்ளாட்சியின் பதிவேடுகளில்தான் அந்தச் சான்று இருக்க முடியும். மரபுச் சந்தை என்ற கோரிக்கை எழும்போது அதைப் பரிசீலிக்க வேண்டியதும் அதே உள்ளாட்சியே.